வினைத்திறன் யாருடையது?

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, அலவத்துகொடவில் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கண்டியிலிருந்து அக்குறணையூடாக மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவின் இரைச்சலை மழை விழுங்கியிருந்தது. நனைந்த குடையோடு படியேறி வந்தவன் என் பழைய மாணவன்; க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, பத்தாண்டுகளாக மலைமேலுள்ள ஒரு தேயிலை ஆலையில் உலைக்கு விறகிடும் வேலை பார்ப்பவன். ஆலையின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அங்கு நிகழ்ந்தது பிறிதோரிடத்தும் நிகழக்கூடியதே.

அவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். சுவரிற் பொருத்திய ஓர் இரும்புப் பெட்டி, அதன் முகத்திற் சில எண்கள், ஒரு திருகு, அருகே ஆங்கிலத்தில் மூன்று நான்கு வரிகள்.

"சேர், இதிலே என்ன எழுதியிருக்கு? ஒரு வருசமா இதுக்குப் பக்கத்திலேதான் நிக்கிறேன். யாரும் சொல்லித் தரல்ல."

கொழுந்து வாட்டும் இடத்திலுள்ள பெரிய விசிறிகளின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல பெட்டி அது. மின்செலவைக் குறைக்கும்பொருட்டுப் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டது. பொருத்திய அன்று கொழும்பிலிருந்து வந்த வல்லுநர் அலுவலக அறையில் ஒரு மணிநேரம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் விளக்கினார். கேட்டவர் உத்தியோகத்தர் சிலர். அவருள்ளும் ஒருவர் பின்னர் வேறிடம் சென்றுவிட்டார். விசிறியண்டை நிற்பவரையும் உலையண்டை நிற்பவரையும் எவரும் அழைக்கவில்லை. பிழை நேராதிருக்கட்டுமென்று யாரோ திருகை உச்சத்துக்குத் திருப்பி வைத்தார். ஓராண்டு கழிந்தும் அது அவ்வுச்சத்திலேயே நின்றது. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வந்த பெட்டி, தானும் சிறிது மின்சாரம் உண்டுகொண்டு சுவரில் இருந்தது.

வரிகளை வாசித்தேன். அவற்றுள் ஒன்றற்குத் தமிழ் உடனே நாவில் வந்தது: சாரீரப்பதன். பாடநூலில் உள்ள சொல்தான். 'சார்' என்பதும் 'ஈரப்பதன்' என்பதும் புணர்ந்து வந்தது என்று இலக்கணமும் சொன்னேன். அவன் பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, "சரி சேர், அது கூடினா நாங்க என்ன செய்யணும்?" என்றான்.

என்னிடம் விடை இல்லை. முப்பது ஆண்டு கற்பித்தவன், பண்டிதன் என ஊரார் அழைக்கக் கேட்டுப் பழகியவன், அவ்வினாவின் முன் வாய்மூடி இருந்தேன். அவனோ சற்று யோசித்துவிட்டு, "மழை ராத்திரியிலே பேன் எவ்வளவு ஓடினாலும் கொழுந்து வாடாமக் கிடக்கும், அதைத்தானே சொல்றீங்க?" என்றான். அதனையேதான்! பொருளறியாத சொல் என்னிடத்தும், சொல்லறியாத பொருள் அவனிடத்தும் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று காணாமையால் ஓராண்டு மின்சாரம் வீணாயிற்று. இக்கட்டுரை அன்றிரவு தோன்றிய எண்ணங்களின் விரிவு.

சொல் ஆராய்ச்சி

தமிழகத்து அறிவியல் நூல்கள் 'ஆற்றல்' என்பதனை ஈழத்து நூல்கள் 'சக்தி' என்கின்றன. அவர்கள் 'திறன்' என்பது நமக்கு 'வலு'. எச்சொல் சிறந்தது என்னும் வழக்கை இங்கு எடுக்கவில்லை. ஆயின் நம்மிடம் வழங்கும் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இட்ட சக்தியில் எத்துணைப் பங்கு பயனாய் வந்தது என்னும் அளவை நாம் 'வினைத்திறன்' என்கிறோம். அமைச்சுகளின் அறிக்கைகளிலும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் 'சக்தி வினைத்திறன்' என்னுந் தொடர் இன்று அடிக்கடி வருகிறது. புதிய மோட்டரின் வினைத்திறன், புதிய உலர்த்தியின் வினைத்திறன் என இயந்திரங்களுக்கே அதனை அடைமொழியாக்குகிறோம்.

வினை என்பது செய்வோனை வேண்டி நிற்பது. திருக்குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் உள. மூன்றும் வினை செய்யும் மாந்தரைப் பற்றியனவே. அச்சொல்லை இயந்திரத்துக்கு மட்டும் உரியதாக்கி, அதன் பக்கத்தில் நிற்கும் ஆளை மறந்துவிடுதல் வெறுஞ் சொற்பிழையாக முடிவதில்லை. அது விறகுப் பிழையாகவும் மின்கட்டணப் பிழையாகவும் வந்து முடிகிறது. அது எங்ஙனமென்பதைத் தேயிலை ஆலையின் கணக்கைக்கொண்டே காட்டலாம்.

கொழுந்தும் நீரும்

பறித்த கொழுந்தின் எடையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நீரே. முடிந்த தேயிலையில் எஞ்சும் நீர் நூற்றுக்கு 3 பங்களவு. ஒரு கிலோகிராம் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் கொழுந்து வேண்டும். ஆகவே, ஒரு கிலோகிராம் தேயிலை செய்வதாவது மூன்றரைக் கிலோகிராம் நீரைப் போக்குவதாகும். தேயிலையின் மணமும் நிறமும் சுவையும் ஒருபுறமிருக்க, சக்திக் கணக்கில் தேயிலை ஆலை நீர்போக்கும் ஆலையே.

அந்நீரைப் போக்குமிடங்கள் இரண்டு. முதலாவது வாட்டும் தட்டு. வலைத்தட்டிற் கொழுந்தைப் பரப்பிக் கீழிருந்து விசிறியாற் காற்றைச் செலுத்துவர். பன்னிரண்டு மணிநேரமோ அதற்கு மேலோ அது நிகழும். அதன்பின் கொழுந்து உருட்டப்பட்டு, விரித்துக் காற்றுப்பட விடப்படும். இந்நிலையைப் புளிக்க வைத்தல் என வழங்குவர். மெய்யில் அங்கு புளிப்பு ஏதும் நிகழ்வதில்லை; நிகழ்வது ஒட்சியேற்றம். இரண்டாவது இடம் உலர்த்தி. விறகுலையிற் சூடாக்கிய, நூறு பாகைச் செல்சியசை அண்டிய வெங்காற்று அங்கு எஞ்சிய நீரை விரட்டும். முதலிடத்தில் வேலையின் பெரும்பகுதியை மலைக்காற்று செய்கிறது. இரண்டாமிடத்தில் முழுவதையும் விறகே செய்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. வாடிய கொழுந்தில் நூற்றுக்கு 55 பங்கு நீர் இருக்குமாயின், ஒரு கிலோகிராம் தேயிலைக்கு உலர்த்தி போக்கவேண்டிய நீர் ஏறத்தாழ 1.16 கிலோகிராம். சரியாக வாடாமல் 60 பங்கு நீரோடு வந்துவிட்டால், அது 1.42 கிலோகிராம் ஆகும். வாட்டத்தில் ஐந்து பங்கு குறைந்தது. உலையின் சுமையோ நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஏறிவிட்டது. உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். தேயிலையில் நீரல்லாத பகுதி 0.97 கிலோகிராம் என்று கொண்டு தொடங்கினாற் போதும்.

அந்த ஐந்து பங்கை அறிபவர் யார்? ஈரப்பதன் அளக்கும் கருவிகள் உண்டு. ஆயினும் நள்ளிரவில் வாட்டுந் தட்டருகே நிற்கும் தொழிலாளி ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிக் கையை விரிப்பார். உருண்டை உடனே சிதறினால் வாட்டம் போதாது. மெல்ல அவிழ்ந்தால் போதும். காம்பை வளைத்துப் பார்ப்பார். முறிந்தால் இன்னும் நேரம் வேண்டும். உலையின் சுமையில் இருபது பங்கு அக்கையின் அறிவிலே தங்கியிருக்கிறது. அந்தக் கைக்குச் சான்றிதழ் இல்லை. அதன் அறிவுக்கு ஏட்டிற் பெயரும் இல்லை.

விறகும் காற்றும்

ஒரு கிலோகிராம் தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம் விறகு செலவாதல் நம் ஆலைகளில் வழக்கம். புதிதாய் வெட்டிய விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். பிளந்து, கூரையின்கீழ்க் காற்றோட்டமாய் அடுக்கிச் சில மாதம் வைத்தால், அந்நீர் ஐந்திலொரு பங்களவாய்க் குறையும். அவ்வாறு உலர்ந்த ஒரு கிலோகிராம் விறகு, ஈர விறகு ஒரு கிலோகிராம் தருவதைப்போல ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு வெப்பம் தரும். எடையிற் கூடுதலான மரம் இருப்பது அதற்கு ஒரு காரணம். விறகிலுள்ள நீரை ஆவியாக்க வெப்பம் வீணாகாமை மற்றொரு காரணம். ஈர விறகை எரிப்பவன் தேயிலையை உலர்த்துமுன் விறகை உலர்த்துகிறான். அதனையும் மிக விலையுயர்ந்த முறையில் உலையினுள்ளேயே செய்கிறான்.

விறகை எந்த அளவிற் பிளப்பது, எத்துணை நேரத்துக்கு ஒருமுறை இடுவது, உலைவாயிலை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, புகைபோக்கியிற் கரும்புகை கண்டால் காற்றை எப்படித் திருத்துவது - இவையெல்லாம் உலையாளின் நுட்பங்கள். கரும்புகை என்பது எரியாமற் போன விறகு. இதனை உலையாள் அறிந்தால் விறகு மீளும். முகாமையாளர் மட்டும் அறிந்தால் அறிக்கை ஒன்று மீளும்.

விறகு மலைச்சரிவிலிருந்து வருவது என்பதனையும் மறத்தலாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் பெருமழையாற் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல பெயர்ந்து உயிர்களைக் கொண்டன. சரிவுகள் பெயர்தற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் விறகின்மேற் சுமத்துதல் நேர்மையன்று. ஆயினும் வேரூன்றி நிற்கும் மரம் மண்ணைப் பிடித்திருப்பது. வீணாக எரிக்காத விறகு வெட்டாத மரமாகும். அந்த மழையை இங்கிருந்து கேட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விசிறியின் செய்தி இன்னும் வியப்பானது. விசிறியின் வேகத்தை ஐந்திலொரு பங்கு குறைத்தால், அது உண்ணும் வலு ஐந்திலொரு பங்கு குறையும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறன்று, ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்துவிடும். வலு வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுவது இயற்கை விதி. 0.8 என்பதனைத் தன்னாலேயே மும்முறை பெருக்கிப் பார்த்தால் 0.512 வரும். வாட்டத்தின் பிற்பகுதியிற் கொழுந்திலிருந்து நீர் மெல்லவே வெளிவருவதால், அப்போது முழுவேகக் காற்று வேண்டியதில்லை. சுவரிலிருந்த பெட்டி இதற்காகவே வந்தது. மும்மடி விதியை எவரேனும் ஒரு மாலையில் தமிழில் அந்த ஆட்களுக்குச் சொல்லியிருப்பின், திருகு ஓராண்டு உச்சத்தில் நின்றிராது.

நாட்டின் கணக்கு

இஃது ஓர் ஆலையின் கதை மட்டுமன்று. நம் நாட்டில் எரியெண்ணெய்க் கிணறு இல்லை. நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. மலையும் மழையும் உண்டு. அவற்றைக்கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என 1918 ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர கட்டுரை படித்தார். இலக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் 1950 ஆம் ஆண்டிலேதான் இயங்கியது. ஒரு நல்ல எண்ணம் நம் நாட்டிற் செயலாக முப்பத்திரண்டு ஆண்டு பிடித்தது. பின்னர்த் தேவை நீரை மீறி வளர, எண்ணெயும் நிலக்கரியும் கப்பலேறி வந்தன.

அதன் விலையை 2022 இற் கண்டோம். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. மின்கட்டணம் 2022 ஓகத்தில் சராசரியாக நூற்றுக்கு 75 பங்கும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 பங்கும் உயர்ந்தது. பின்னர்க் குறைந்தும் கூடியும் வருகிறதெனினும் பழைய நிலை மீளவில்லை. 2021 இன் இரசாயன உரத்தடையும் சேர்ந்து தாக்க, முந்திய ஆண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாயிருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடியாய்ச் சரிந்தது. கொழுந்து குறைந்து கட்டணம் உயர்ந்தபோது வீண்செலவைத் தாங்கும் வலிமை ஆலைகளுக்கு இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை அமைக்கப்பட்டது. சக்தி முகாமையாளர், சக்திக் கணக்காய்வாளர் எனும் பொறுப்புகளும் அச்சட்டத்தின் வழி வந்தன. தொழிற்பயிற்சிக்கும் நிறுவனங்கள் உள. 1959 இல் ஜெர்மன் உதவியோடு தோன்றிய தொழினுட்பப் பயிற்சி நிறுவகம் மொறட்டுவையில் இருக்கிறது. 2016 இல் அதே நாட்டின் துணையோடு கிளிநொச்சி அறிவியல் நகரில் மற்றொன்று எழுந்தது. ஏழு நிலைகள் கொண்ட தேசியத் தொழிற்றகைமை முறையும் உண்டு. பள்ளிப்படிப்புக் குறைந்தவராயினும், வேலையிற் கற்றதனைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறும் வழியும் அம்முறையில் வைக்கப்பட்டிருக்கிறது. இவை பாராட்டுக்குரியன.

குறை எங்கேயெனின், சக்தியைச் சேமிப்பது ஓர் அலுவலகத்தின் வேலை, ஆட்களைப் பயிற்றுவது பிறிதோர் அலுவலகத்தின் வேலை என நாம் பிரித்து வைத்திருக்கும் மனப்பாங்கில் இருக்கிறது. இயந்திரத்துக்குக் கடன் எடுக்கிறோம். அதனருகில் நிற்பவருக்கு ஒரு மாலைநேரத்தைக்கூட ஒதுக்குவதில்லை.

பிறர் செய்தது

யப்பான் நாடும் எண்ணெய் இல்லாத நாடே. 1973 இல் எண்ணெய் விலை ஏறியபோது அது பெரிதும் இடர்ப்பட்டது. 1979 இற் சக்திச் சிக்கனத்துக்கென ஒரு சட்டம் இயற்றி, பெருஞ்செலவுடைய தொழிற்சாலைகள் தகுதிபெற்ற சக்தி முகாமையாளரை அமர்த்தவேண்டும் என விதித்தது. நம் 2007 ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகைய வழியிற் செல்வதே. ஆனால் யப்பானில் அச்சட்டம் வருமுன்பே வேறொன்று நடந்திருந்தது. 1962 இல் இசிகாவா கவோரு முதலிய அறிஞர்கள் தொழிற்சாலையின் முன்னணித் தொழிலாளருக்கென்றே ஓர் இதழ் தொடங்கினர். அளவையியலையும் தரக்கட்டுப்பாட்டையும் அவர்தம் தாய்மொழியிலேயே அது கற்பித்தது. அதனை வாசிக்கச் சிறுசிறு குழுக்கள் கூடின. தம் வேலையிலுள்ள வீண்செலவைத் தாமே கண்டு திருத்தின. சட்டம் வந்தபோது அதனைக் கையேற்கக் கற்ற கைகள் காத்திருந்தன.

அந்நிய நாட்டு உதாரணம் வேண்டாவென்பார்க்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று கூறுவேன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சொல் இல்லாவிடத்துச் சொல் ஆக்கினார். உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ச்சொல் கிடைத்ததாயின், விசிறிப் பெட்டியின் மூன்று வரிக்கு இருபத்தோராம் நூற்றாண்டிற் கிடையாதோ? 1956 இற்குப் பின் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற் றொகுதிகள் நம் நூலகங்களில் இருக்கின்றன. சொற்கள் உள; அவை வகுப்பறையிலிருந்து ஆலைக்குச் செல்லவில்லை என்பதே குறை. எடுத்துச்செல்ல வேண்டியவர் நாம்.

ஒன்று மட்டும் காட்டுவேன். பேச்சுத் தமிழில் 'சூடு' என்னும் ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. வெப்பநிலை ஒன்று, வெப்பம் மற்றொன்று. உலர்த்தியின் மானி காட்டுவது வெப்பநிலை. விறகு தருவது வெப்பம். "சூடு காணாது" என்ற உடனே விறகை அள்ளிப் போடும் பழக்கம் இச்சொல் மயக்கத்தோடு தொடர்புடையது. வாடாத கொழுந்து வந்து விழுந்ததனாலும் வெப்பநிலை இறங்கலாம். அப்போது திருத்த வேண்டியது வாட்டும் தட்டையே. சொல்லைப் பிரித்துக் கற்பிப்பது இலக்கண ஆசிரியனின் வேலை. அவ்வேலைக்கு உலையருகிலும் இடமிருப்பதை யான் அறியாதிருந்தேன்.

மூன்று மறுப்புகள்

இதனை நண்பர் சிலரிடம் கூறியபோது மூன்று மறுப்புகள் எழுந்தன.

தானியங்கிக் கருவிகள் வந்துகொண்டிருக்க ஆட்களைப் பயிற்றுவது வீண் என்றார் ஒருவர். கருவி வந்தும் ஓராண்டு வீணாயிற்று என்பதே என் விடை. கருவி தானே இயங்கினும், அதன் ஈரக்குமிழிற் சுற்றிய துணி காய்ந்து கிடந்தால் அது பொய்யுரைக்கும். அப்பொய்யைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

பயிற்றினால் ஓடிவிடுவர்; கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விடுவர் என்றார் மற்றொருவர். இதில் உண்மை உண்டு. என் மாணவனும் அன்று வந்தபோது கடவுச்சீட்டு எடுக்கும் எண்ணத்தோடேயே இருந்தான். ஆயின் அவன் போக எண்ணியது கற்றதனாலன்று. பத்தாண்டு கழிந்தும் கற்றவனென்று எவரும் ஒப்பாமையால். சான்றிதழ் இன்றிப் போகிறவன் அங்கும் கூலியாளாகவே இருப்பான். சான்றிதழோடு இருப்பவனுக்கு இங்கிருக்க ஒரு காரணமாவது உண்டு.

மூன்றாவது மறுப்பு ஒரு தொழிற்சங்கத்து அன்பருடையது, அதுவே வலியது. "மிச்சமாகும் விறகின் விலை யாருக்கு? ஆலைக்காரருக்கு. பிறகு உலையாள் எதற்குத் தலையைக் கொடுக்க வேண்டும்?" என்றார். இதற்கு யான் சாதுரியமான விடை சொல்ல முயலவில்லை. ஏனெனில் அவர் சொல்வது நியாயம். இரு நூற்றாண்டுகளாக இம்மலைகளில் உழைத்த மக்களின் கைத்திறன் கூலிக் கணக்கில் ஏறியதேயில்லை. ஆகவே மிச்சத்தில் ஒரு பங்கு அதனை உண்டாக்கியவர்க்குச் சேரவேண்டும். சான்றிதழின் நிலைக்கேற்பச் சம்பளம் உயரவேண்டும். மாதந்தோறும் ஒரு கிலோகிராம் தேயிலைக்கு எரிந்த விறகும் செலவான மின்னலகும் ஆலைச் சுவரில் மூன்று மொழியிலும் எழுதப்படுமாயின், பங்கைக் கணக்கிடுவது அரிதன்று. கணக்கு வெளிப்படையாய் இருந்தாலன்றிச் சிக்கனத்தில் எவர்க்கும் பற்று உண்டாகாது.

செய்யத் தொடங்கியது

அன்றிரவு அவனும் யானும் ஒரு கடதாசியில் எழுதத் தொடங்கினோம். எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரையும் மறுநாள் சேர்த்துக்கொண்டோம். அவர் விதியைச் சொன்னார். என் மாணவன் ஆலையில் நடப்பதைச் சொன்னான். இருவர்க்கும் விளங்கும் தமிழில் எழுதுவது என் பங்காயிற்று. நாலு பக்கத்துச் சிறு கைந்நூல் ஒன்று அமைந்தது.

அதன் முதற்பாடம் இரண்டு வெப்பமானிகளைப் பற்றியது. ஒன்று உலர்குமிழ், மற்றொன்று ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ். இரண்டுக்கும் வேறுபாடு அதிகமாயின் காற்று நீருக்குத் தாகமாயிருக்கிறது. விசிறி வேலை செய்யும். வேறுபாடு இரண்டு மூன்று பாகைக்கும் குறைந்தால் காற்று ஏற்கெனவே நிறைந்திருக்கிறது; விசிறியை எவ்வளவு விரட்டினும் மின்சாரமே செலவாகும்; சிறிது வெங்காற்றைக் கலத்தல் வேண்டும். அவன் கேட்ட வினாவின் விடை இதுவே. சாரீரப்பதன் என்னுஞ் சொல்லை அதன் இறுதியிலேதான் வைத்தோம். பொருள் முன்னே வந்தால் சொல் தானே பின்னே வரும் என்பதனை இந்த வயதிற் கற்றுக்கொண்டேன்.

எழுதி முடித்ததும், அவன் அதனைத் தன் ஆலையின் 'டீமேக்கர்' ஐயாவிடம் அச்சத்தோடேயே கொடுத்தானாம். அவர் சிங்களவர், தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதனைச் சிங்களத்திலும் எழுதித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். சிங்களப் பிரதியை எங்கள் அயற்பாடசாலை ஆசிரியர் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். திருகு இப்பொழுது உச்சத்தில் இல்லை. விறகுக் கணக்கு என்னாகுமென்பதை ஓராண்டு கழித்தே சொல்ல இயலும். அதற்குமுன் வெற்றியென்று முரசறைய விரும்பவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2013 முதல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. அதனை மதிப்பெண் குறைந்தவர் ஒதுங்கும் இடமாக எண்ணும் வழக்கத்தை நாம் விடவேண்டும். ஊர்தோறும் ஆலையோ, அரிசி ஆலையோ, வெதுப்பகமோ, தையற்சாலையோ இருக்கிறது. அங்கே நம் பழைய மாணவர் நிற்கிறார். அவர் அருகே ஏதோ ஒரு பெட்டி, அவர்க்கு விளங்காத மொழியில் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் சென்று அதனை வாசித்துச் சொல்வோம்; அவர் சொல்வதையும் கேட்டு எழுதிக்கொள்வோம். இலக்கியச் சங்கங்கள் ஆண்டில் ஒரு கூட்டத்தையாவது இதற்கு ஒதுக்கலாம். இதுவும் பண்டிதர் வேலைதானோ என்று கேட்பார் கேட்கட்டும்.

என் மாணவன் கடவுச்சீட்டை எடுத்துவிட்டான். போவானோ இருப்பானோ, யான் அறியேன். வேலையிற் கற்றதனைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறும் விண்ணப்பத்தையும் அதனுடன் சேர்த்து நிரப்பி வைத்திருக்கிறான். இரண்டும் அவன் பெட்டியில் இருக்கின்றன. எதனை அவன் முதலில் எடுப்பான் என்பது அவனை மட்டும் பொறுத்ததன்று.